ஆலைக் கதவில் ஒட்டிய தாள்

வேலை பறிபோனதைச் சொல்லத் தமிழ்ப் பேச்சு வழக்கில் சில தொடர்கள் உண்டு. ‘சீட்டுக் கிழிந்துவிட்டது’ என்பார்கள். ‘கல்தா கொடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். சற்று மென்மையாகச் சொல்ல விரும்புவோர் ‘வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்பார்கள். இவற்றில் எதிலும் செய்தியைச் சொன்னவர் யார், என்ன காரணம் கூறினார், எதிரில் நின்றவர் மறுமொழி சொல்ல இடம் இருந்ததா என்ற விவரம் இல்லை. இது வழக்கின் சுருக்கமாக மட்டுமே இருக்கலாம்; ஆனால் சென்னை மாகாணத்துத் தொழிற்சாலைகளின் முதல் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படிப்போர்க்கு, அக்காலத்தில் அந்த விவரங்கள் உண்மையிலேயே இருக்கவில்லை என்பது தெரியவரும். பணியிடத்தில் கெட்ட செய்தியை உரிய காலத்தில், எழுத்தில், கேட்பவரின் மொழியில், காரணத்தோடு சொல்ல வேண்டும் என்னும் நெறி இன்று நிர்வாகப் பாடநூல்களில் நாகரிகமாகக் கற்பிக்கப்படுகிறது. அந்த நெறி நாகரிகத்திலிருந்து பிறந்ததல்ல. பூட்டிய ஆலைக் கதவுகளுக்கு வெளியே பிறந்தது.

சென்னைக்கு வடமேற்கே பெரம்பூர்ப் பகுதியில் 1870களின் பிற்பாதியில் பக்கிங்காம் ஆலையும், 1880களின் தொடக்கத்தில் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. இரண்டையும் நடத்தியது பின்னி நிறுவனம். 1920இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டபின் மக்கள் வாயில் அது ‘பி அண்ட் சி மில்’ அல்லது ‘பின்னி மில்’ ஆயிற்று. ஆலையின் மேலதிகாரிகள் ஐரோப்பியர். தறியிலும் நூற்புப் பிரிவிலும் நின்றவர்களோ பெரும்பாலும் தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். இரு தரப்புக்கும் இடையே நின்றவர் மேஸ்திரி. ஆள் சேர்ப்பது, வேலையைப் பங்கிடுவது, அபராதம் விதிக்கச் சொல்வது, நாளை முதல் வரவேண்டாம் என்று அறிவிப்பது எல்லாம் அவர் வாய்வழியே நடந்தன. பம்பாயில் ஜாபர், கல்கத்தாச் சணல் ஆலைகளில் சர்தார், இலங்கை, மலேயாத் தோட்டங்களில் கங்காணி என்று பெயர் மாறினாலும் பணி ஒன்றே. அதிகாரியின் முடிவு தொழிலாளியின் காதுக்கு வந்து சேரும்போது அது அதிகாரியின் முடிவா, மேஸ்திரியின் கோபமா, கொடுக்கத் தவறிய மாமூலின் விளைவா என்று பிரித்தறிய வழியில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் மேல்முறையீடு செய்யவும் ஒன்றும் இல்லை.

எழுத்து இருந்துவிட்டால் மட்டும் நிலைமை சீராகிவிடும் என்பதும் இல்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு தாள் வழங்கிவந்தது. ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு கடன் உள்ளது, அதை அடைத்தால் அவரை விடுவிக்கத் தயார் என்று ஒரு தோட்டத்துத் துரை மற்றொரு தோட்டத்துக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. தொழிலாளியைப் பற்றியது ஆயினும் தொழிலாளிக்கு எழுதப்பட்டதன்று. அவர் கையில் அதைச் சுமந்து சென்றாலும் அவரால் படிக்க முடியாத மொழியில் இருந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையிலிருந்து நீக்கியதற்கு அடையாளமான பற்றுச்சீட்டு, மலையகப் பேச்சில் பத்துச்சீட்டு, அதற்குப் பின்னும் நெடுநாள் நிலைத்தது. தோட்டத்தில் வேலை போனால் குடியிருப்பான லயத்து அறையும் சேர்ந்து போகும் என்பதால் அந்தச் சொல்லுக்கு ஆலைத் தொழிலாளியின் ‘சீட்டுக் கிழிதலை’விடக் கனம் மிகுதி.

சென்னை மாகாணத்தில் தொழிலாளர் தங்கள் தரப்பைக் கூட்டாக எடுத்துரைத்த முன்னோடி நிகழ்வு தூத்துக்குடியில் நடந்தது. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாட்களில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கு இசைந்தது. அங்குச் சங்கம் என்ற நிலையான அமைப்பு உருவாகவில்லை. மார்ச்சில் தலைவர்கள் சிறைப்பட்டதும் பேச்சுவார்த்தைக்குரிய நாவும் அடைபட்டது.

நிலையான நா பெரம்பூரில்தான் உருவாயிற்று. அதற்குத் தூண்டுகோலான குறை, பின்னாளைய பெரும் போராட்டங்களோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது: நண்பகல் உணவுக்கு விட்ட அரை மணி நேரம். ஆலையிலிருந்து வெளியே வந்து, கை கழுவி, உண்டு, கதவு மூடுமுன் திரும்ப அந்த நேரம் போதவில்லை; ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவு சாத்தப்பட்டு அரைநாள் கூலி போனது. இக்குறையைத் தொழிலாளர் முறையிட்டது ஆலை அதிகாரியிடம் அல்ல, அக்கம்பக்கத்தில் வணிகம் செய்துகொண்டிருந்த கோ. செல்வபதி செட்டியாரிடமும் இராமானுஜலு நாயுடுவிடமும். ஆலைக்குள் சொல்ல ஒருவரும் இல்லாதபோது கடைக்காரரிடம் சொன்னார்கள். அவ்விருவரும் நடத்திவந்த சமயச் சொற்பொழிவுச் சபை 1918இல் தொழிலாளர் கூட்டத்துக்கு மேடையானது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. பம்பாய்ப் பார்சியும் பிரம்மஞான சங்கத்தவருமான பி.பி. வாடியா தலைவர், ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனார் துணைத்தலைவர்.

வாடியாவின் முறை கவனிக்கத்தக்கது. அவர் தமிழறியாதவர்; ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. மேஸ்திரி இதுவரை செய்துவந்த மொழிபெயர்ப்பு வேலையை இப்போது மேடையில் எல்லோர் காதிலும் விழும்படி வேறொருவர் செய்தார் என்பதே அதில் உள்ள பெரிய மாற்றம். அடுத்து, அவர் வேலைநிறுத்தத்தை நாடாமல் கடிதத்தை நாடினார். முதல் உலகப்போர் முடியாத காலம். பின்னி ஆலை படைகளுக்குக் காக்கித் துணி நெய்துகொண்டிருந்தது. போர்க்காலத்தில் உற்பத்தியை நிறுத்துவது தகாது என்று அவர் கருதினார். கோரிக்கையை வரிசைப்படுத்தி எழுதுவது, நிர்வாகத்தின் மறுமொழியைக் கூட்டத்தில் படிப்பது, கொதித்தெழுவோரை அமர்த்துவது என்று சில மாதங்கள் சென்றன. உணவு நேரம் 40 நிமிடமாயிற்று. பத்து நிமிடம் கூடியது என்பதோடு, ஆலைக்கு வெளியே எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கு ஆலைக்குள் விளைவு ஏற்பட்டது என்பதையும் தொழிலாளர் கண்டனர்.

நிர்வாகத்தின் பார்வையில் இது பெருங்குறை. சங்கத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை. ‘வெளியாளோடு’ பேசமாட்டோம் என்பதே அதன் நிலை. தொழிலாளி தனியாக வந்து சொன்னால் கேட்போம் என்ற வாதம் கேட்க நியாயமாகத் தோன்றினாலும், தனியாக வந்து சொன்னவனின் கதி என்ன ஆகும் என்று அறிந்தவர்களுக்கு அது வெறும் சொல். அந்தப் பிடிவாதத்தின் விலை 1920 அக்டோபரில் தெரிந்தது. பக்கிங்காம் ஆலையின் நெசவுப் பிரிவில் பதவி உயர்வு பற்றி எழுந்த பூசல் முற்றி, ஐரோப்பிய அதிகாரி ஒருவர் கைத்துப்பாக்கியை எடுக்க, தொழிலாளர் அதைப் பறித்தனர். குறையைச் சொல்லவும் கேட்கவும் ஒழுங்கான வழி ஒன்று இருந்திருந்தால் மேசைமீது தாளாக வந்திருக்கவேண்டியது தறிக்கூடத்தில் துப்பாக்கியாக வந்தது. நிர்வாகம் கதவடைப்பு அறிவித்தது. கதவடைப்பு என்பது தொழிலாளர் வேலையை நிறுத்துவதற்கு மறுபுறம்: முதலாளி தன் கதவை மூடி, இசையும்வரை உள்ளே விடமாட்டேன் என்பது. அந்த அறிவிப்புத்தான் அன்றைய ஆலைகளில் நிர்வாகம் தொழிலாளர் அனைவருக்கும் நேரடியாக எழுத்தில் சொன்ன மிகச் சில செய்திகளுள் ஒன்று என்பது ஒரு கசப்பான முரண். டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது.

பின்னி நிறுவனம் அத்தோடு நிற்காமல் வாடியா மீதும் சங்கத்தார் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர் ஒப்பந்தத்தை மீறும்படி தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சங்கம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம் உடைக்கும் சதி என்று ஆகிவிட்டது. 1921 தொடக்கத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி வாடியா சங்கத்தைவிட்டு விலகினார். இவ்வழக்கு நாடெங்கும் கவலையை விளைக்க, அதே ஆண்டு மார்ச்சில் தொழிலாளர் தலைவர் நா.ம. ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதன் பயன் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர் தொழில் தகராறு ஒன்றில் பேசியதற்காக, எழுதியதற்காக, ஒப்பந்த மீறலைத் தூண்டினார் என்று உரிமையியல் வழக்குத் தொடரக்கூடாது என்பது அதன் 18ஆம் பிரிவின் சாரம். தொழிலாளர் சார்பாக முதலாளியிடம் கசப்பானதைச் சொல்வது குற்றமன்று என்று சட்டம் முதன்முறையாக ஒப்பியது பெரம்பூர்த் தோல்வியின் விளைவாகவே.

1921ஆம் ஆண்டு பெரம்பூர் ஆலைகளில் நடந்த நெடும் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் வீரத்தோடு நின்றுவிடுவது வழக்கம். ஆனால் அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பகுதியினர் கலந்துகொள்ளாமல் ஆலைக்குச் சென்றனர். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருபுறமாகவும் அவர்கள் மறுபுறமாகவும் பிரிந்து, ஆலைக்கு அருகிலிருந்த புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்று மூன்றாண்டு பழகிய சங்கம், தன் உறுப்பினரிடையே இருந்த பிளவைப் பற்றிப் பேச ஒரு மொழியை உருவாக்கியிருக்கவில்லை. வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்து முறிந்தது. அதன்பின் நிர்வாகம் தானே ஒரு நலக்குழுவை அமைத்தது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அதிகாரிகளோடு அமர்ந்து குறைகளைப் பேசும் அக்குழுவைப் பின்வந்த அரசு ஆணையங்கள் மெச்சின. சங்கத்தை ஒப்பாமல் சங்கத்தின் வேலையைச் செய்துகொள்ளும் வழி அது என்று மற்றவர் கூறினர். இரு கூற்றிலும் உண்மை உண்டு.

இதே காலத்தில் அகமதாபாத்தில் வேறொரு வழி வகுக்கப்பட்டது. 1918இல் ஆலை முதலாளிகளின் தலைவரான அம்பாலால் சாராபாயும் தொழிலாளர் பக்கம் நின்ற அவருடைய தமக்கை அனசூயாவும் எதிரெதிராக நிற்க, காந்தி நடுவே நின்றார். 35 விழுக்காடு உயர்வுக் கோரிக்கை, கதவடைப்பு, உண்ணாநோன்பு ஆகியவற்றுக்குப் பின் பூசலை நடுவர் தீர்ப்புக்கு விட இரு தரப்பும் இசைந்தன. நடுவர் என்பவர் இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்கும் மூன்றாமவர். ஆனால் குடும்பமும் ஊரும் ஒன்றாயிருந்த அகமதாபாத்தில் இயன்றது, அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் பொதுமொழி இல்லாத பெரம்பூரில் இயன்றிருக்காது.

ஆகவே மாகாணத்துக்கு மாகாணம் நல்லெண்ணத்தை எதிர்பார்ப்பதைவிட முறையை எழுதிவைப்பதே மேல் என்ற எண்ணம் வலுத்தது. 1929ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் விசாரணை மன்றம், சமரச வாரியம் ஆகியவற்றை ஏற்படுத்தியது. இரயில், அஞ்சல் போன்ற பொதுப்பயன் பணிகளில் வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. முதலில் முன்னறிவிப்புக் கடமை தொழிலாளர் மீதே பெரிதும் சுமத்தப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். 1931இல் வெளிவந்த அரச தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கை, தலைவர் பெயரால் விட்லி அறிக்கை எனப்படுவது, மேஸ்திரி முறையை நேரே தாக்கியது. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருக்கலாகாது, தொழிலாளரின் மொழி அறிந்த தொழிலாளர் அலுவலர் ஒருவரை ஆலைகள் அமர்த்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இன்றைய மனிதவள மேலாளரின் மூதாதை அந்தப் பரிந்துரையில் பிறந்தவர்.

முறையின் முழு வடிவம் விடுதலையை ஒட்டிய ஈராண்டில் வந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட தொழில் நிலையங்கள் தங்கள் வேலை விதிகளை எழுதி, அரசு அலுவலரிடம் சான்று பெற வேண்டும் என்றது. நிலையாணை என்பது ஒரு நிகழ்வுக்காக இடும் ஆணையன்று. வருகை, விடுப்பு, தற்காலிக வேலை நிறுத்திவைப்பு, ஒழுங்கு நடவடிக்கை, பணிநீக்கம் ஆகியவை எப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் நிலையான விதி. அச்சட்டத்தின் 9ஆம் பிரிவு மிகச் சிறியது. வழக்கறிஞர்கள் அதைக் கடந்து சென்றுவிடுவது வழக்கமாக இருந்தது. நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும், அவர்களில் பெரும்பாலோர் நுழையும் வாயிலிலோ அதன் அருகிலோ, அதற்கெனத் தனியாக அமைத்த பலகைகளில் ஒட்டிவைக்க வேண்டும் என்பதே அது. மேஸ்திரியின் வாயிலிருந்து விதியைப் பிடுங்கிப் பலகையில் பதித்த பிரிவு என்று அதைச் சொல்வது மிகையாகாது.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் கெட்ட செய்தியைச் சொல்லும் முறையும் நிலையாணைகளோடு உருப்பெற்றது. தமிழ்நாட்டு ஆலைகளில் எல்லோரும் ‘சார்ஜ் ஷீட்’ என்றும் ‘மெமோ’ என்றும் வழங்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை முதலில் வரும்: எந்த நாள், எந்த நேரம், எந்தச் செயல், எந்த விதிக்கு மாறானது என்று அதில் குறிப்பிட வேண்டும். அடுத்து, விளக்கம் தரக் காலக்கெடு. விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லையெனில் உள்விசாரணை, அதாவது நிறுவனமே அமர்த்தும் அலுவலர் முன் சாட்சிகளை வைத்து நடத்தும் விசாரணை. அதன் முடிவுக்குப் பிறகே தண்டனை. இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் தொழிலாளர் நீதிமன்றத்தில் பணிநீக்கம் நிலைக்காமல் போகக்கூடும் என்பதால் மெமோ எழுதுவது ஒரு தனிக் கலையாயிற்று. ‘தாங்கள் மேற்கண்ட நாளில்’ என்று தொடங்கும் அந்த விறைப்பான தமிழைக் கேலி செய்வது எளிது. ஆனால், தறி ஓட்டுபவரை எழுத்தில் ‘தாங்கள்’ என்று விளிக்க ஆலை நிர்வாகத்தைப் பழக்கியது அந்த விறைப்பே.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நூறு அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிலையங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழுவையும், அதற்கு மேல் சமரச அலுவலரையும், அதற்கும் மேல் தீர்ப்பாயத்தையும் படிப்படியாக வைத்தது. 1953இல் சேர்ந்த 25எஃப் பிரிவு, ஆட்குறைப்புச் செய்வோர் ஒரு மாத முன்னறிவிப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், அல்லது அம்மாதக் கூலியைத் தர வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. 1956இல் வந்த 9ஏ பிரிவின்படி, கூலி, வேலை நேரம், ஷிப்டு முதலியவற்றைத் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்ற விரும்பும் நிர்வாகம் 21 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டியிருந்தது. உணவு இடைவேளைக்காகக் கடைக்காரரிடம் முறையிட்ட 1918ஆம் ஆண்டுத் தொழிலாளிக்கு இச்சட்டம் இருந்திருந்தால், அவர் போய் நிற்க ஆலைக்குள்ளேயே ஓர் இடம் இருந்திருக்கும். சென்னை மாகாணத்தில் 1937இல் தொழிலாளர் துறை அமைச்சராயிருந்தவரும் 1952இல் மத்திய தொழிலாளர் அமைச்சரானவருமான வி.வி. கிரி மட்டும் இந்தப் போக்கில் ஓர் ஆபத்தைக் கண்டார். தீர்ப்பாயம் ஒன்று மேலே காத்திருக்கும்போது இரு தரப்பும் நேருக்குநேர் பேசக் கற்கமாட்டார்கள் என்பது அவருடைய கவலை. அக்கவலை வீணானது என்று எவரும் சொல்லமுடியாது.

1958இல் வகுக்கப்பட்ட மாதிரிக் குறைதீர் முறை, பேச்சை மீட்கும் முயற்சி எனலாம். தொழிலாளி தன் குறையை முதலில் வாய்மொழியாகவே உரிய அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் விடை தர வேண்டும். விடை நிறைவளிக்காவிடில் துறைத் தலைவர் 3 நாளிலும், அதற்குமேல் குறைதீர் குழு 7 நாளிலும் பதில் தர வேண்டும். ஏழு நாள் கழித்துக் கிடைக்கும் ‘இல்லை’யைவிட இரண்டு நாளில் கிடைக்கும் ‘இல்லை’ மேல் என்பதை அதை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். பூசல்கள் பலவற்றுக்கு மறுப்பைவிட மௌனமே காரணம்.

இவற்றையெல்லாம் நடத்த ஆள் வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1936இல் பம்பாயில் தோன்றிய டாட்டா சமூகப்பணிக் கல்லூரியும், 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் நிறுவிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளியும் இத்தகைய அலுவலர்களைப் பயிற்றுவித்தன. சமூகத் தொண்டாகத் தொடங்கிய கல்வி, மெமோவைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பணிக்கு ஆள் தந்தது. நிர்வாகம் ஊதியம் தர, தொழிலாளர் நம்பிக்கை தர வேண்டிய அந்த இருக்கையில் அமர்ந்தவருக்கு இரண்டும் முழுமையாகக் கிடைப்பது அரிதாகவே இருந்தது. மேஸ்திரி நின்ற அதே இடத்தில்தான் அவரும் நின்றார். வேறுபாடு, அவர் கையில் தேதியிட்ட, கையொப்பமிட்ட தாள் இருந்தது என்பதே.

தாள் சொல்பவரையும் காக்கிறது. கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆலையே மூடும்போது இது தெளிவாகும். மூடும் முன்னறிவிப்புக்கும் அரசின் முன்னனுமதிக்கும் 1970களில் சட்டம் விதிகள் வகுத்திருந்தும், அவை ஆலையின் மூச்சை நீட்டிவைக்கவில்லை. நட்டத்தில் தள்ளாடிய பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறக்கக் காரணமாயிருந்த அந்த வளாகம் பிற்பாடு திரைப்படப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடப்பட்டது.

அதற்குள் சென்னையின் வேலைவாய்ப்பு தென்புறச் சாலைகளின் கணினி நிறுவனங்களுக்குப் பெயர்ந்திருந்தது. அங்கே வாயிற்பலகை இல்லை. செய்தி மின்னஞ்சலில் வரும், அல்லது அடையாள அட்டை வாயிலில் ஒரு காலை வேலை செய்யாமல் போவதே செய்தியாகும். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, அவற்றின் ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் உரிய 14 நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது. ஆனால் நிலையாணைகளை எழுதிச் சான்று பெற வேண்டிய நிலையங்களின் வரம்பை நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்த்தியது. அதற்குக் கீழ்ப்பட்ட நிலையங்களின் வாயிலில் பலகை வைக்கும் கடமை இன்று சட்டத்தில் இல்லை.